திங்கட்கிழமை யானை

கண்ணு,

சாப்பிட்டாயா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வாய். குளிர் எப்படி இருக்கிறது என்றால் பழகிவிட்டது என்பாய். வேலை எப்படிப் போகிறது என்றால் நன்றாகப் போகிறது என்பாய். இந்தப் பதில்களெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். வாழ்க்கை பூராவும் ஒயர் முறுக்கிய விரல்கள், பேனா பிடித்து நாளாகிவிட்டது. உன் அறையில் இருக்கும் மற்றப் பையன்கள் என்னவென்று கேட்டால் அவர்களுக்கும் படித்துக் காட்டு. அவர்களுடைய அம்மாக்களும் இதே பதில்களைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நீ லண்டனுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. படிப்பு முடிந்தது, வேலையும் கிடைத்துவிட்டது என்று சொன்னாய். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனில் எங்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறாய். அங்கே பெரிய பெரிய மியூசியங்களுக்கெல்லாம் டிக்கெட்டே கிடையாது, யார் வேண்டுமானாலும் உள்ளே போய் வரலாம் என்றாய். ஒன்றில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குகிறது என்றாய். ஒன்றில் எகிப்து தேசத்துப் பிணங்களைத் துணி சுற்றி வைத்திருக்கிறார்கள் என்றாய். ஓவியக் கூடத்துக்கும் காசு வாங்குவதில்லை, பூங்காவில் ஒன்றில் கூழைக்கடா, ஒன்றில் மான் கூட்டம் என்றாய். அப்பா ஸ்பீக்கரில் போட்டு, டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார். ஒருநாள் அவர், "ஏலே, திங்கக்கிழமையும் திறந்திருக்குமா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "திங்கக்கிழமையும் திறந்திருக்கும்ப்பா" என்றாய். அதைக் கேட்டபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பார்க்க முடியாது, ஏனென்றால் வீடியோவில் மட்டும் நீ வருவதில்லை. நெட்வொர்க் சரியில்லையாம். சாமல்பட்டியில் இருக்கும் உன் மாமன் ரயில்வே ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு தினமும் எனக்கு வீடியோவில் முகம் காட்டுகிறான், லண்டனில் நெட்வொர்க் இல்லையாம். பாஸ்போர்ட் எடுங்கள் என்றாய், எடுத்தோம். குளிர் போகட்டும் என்றாய், போனது. வேறு வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வாருங்கள் என்றாய். அடுத்த குளிரே வந்துவிட்டது. கண்ணு, நேராகவே சொல்லிவிடுகிறேன். நீ அங்கே நன்றாக இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன குறை என்று தெரியவில்லை. வேலை இல்லையா, இருக்கிற வேலை வெளியே சொல்ல முடியாததா, இல்லை தனியாகக் கிடந்து வாடுகிறாயா, எதுவும் தெரியவில்லை. அதை நீயே வாய் திறந்து சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பக்கமும். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்பாய். சொல்கிறேன். அதற்கு முதலில் நம்முடைய திங்கட்கிழமைக்குப் போக வேண்டும்.

ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் எங்கள் கம்பெனிக்குத் திங்கட்கிழமை. கரண்ட் பிரச்சினையைச் சமாளிக்க ஓசூர் கம்பெனிகள் ஆளுக்கொரு கிழமையை வார விடுமுறையாக எடுத்துக்கொண்ட காலம் அது, எங்களுக்கு வாய்த்தது திங்கள். அப்பா தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில், நான் அசெம்பிளி லைனில். கல்யாணத்துக்கு ஞாயிறு, காதுகுத்துக்கு ஞாயிறு, எதற்கும் எங்களால் போக முடியாது. திங்கட்கிழமை நாங்கள் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தால் ஒருத்தரும் வர மாட்டார்கள். அந்த எரிச்சலில்தான் உன் அப்பா ஒருநாள், "கிளம்புங்க, பெங்களூரு போய்ட்டு வருவோம்" என்றார். உனக்கு அப்போது நாலு வயசு. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த மனுஷன். பக்கத்திலேயே ஒரு தலைநகரம் இருக்கிறது, பிள்ளைக்குக் காட்டாமல் இருக்கலாமா என்று அவருக்கு. நாகரசம்பட்டியில் பிறந்த எனக்கு பெங்களூர் என்றால் எங்கள் தோட்டத்து பெங்களூரா மாம்பழம்தான் தெரியும். அத்திப்பள்ளி தாண்டியதும் கண்டக்டர் கன்னடத்துக்கு மாறினார், நீ என் மடியில் ஏறிக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாய்.

கப்பன் பார்க்கை ஒட்டி இருக்கிற சிவப்பு மியூசியம்தான் அப்பாவுடைய திட்டம். போய்ச் சேர்ந்தால் கேட் பூட்டு. வாட்ச்மேன் உள்ளிருந்தே, "சோமவார ரஜா" என்று கையை ஆட்டினார். சோமவாரம் என்றால் திங்கட்கிழமை, ரஜா என்றால் லீவு. உலகத்தில் எங்கள் கம்பெனிக்கும் மியூசியத்துக்கும்தான் திங்கட்கிழமை லீவு என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே சாலையில் ஓவியக் கூடம் இருந்தது, அதுவும் பூட்டு. நீ அழ ஆரம்பித்தாய். எனக்கோ சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். உன் அப்பா உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கேட் கம்பிக்குக் கிட்டே போனார். "உள்ள ஒரு யானை இருக்குலே. கல்லு யானை. நம்ம கம்பெனி தண்ணி டேங்க் இருக்குல்ல, அத்தந்தண்டி உசரம். இன்னைக்கு அதுக்குத் தூக்கம். அதான் பூட்டி வச்சிருக்காக" என்றார். நீ அழுகையை நிறுத்திவிட்டு, குறட்டை கேட்கிறதா என்று காது கொடுத்தாய். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த யானையை அவர் அந்த நிமிஷம்தான் கண்டுபிடித்தார்.

அதற்கப்புறம் நமக்கு அதுவே வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகு மே மாதத் திங்கள், அரசு விடுமுறை விழும் திங்கள், என்றைக்காவது உனக்கு வயிற்று வலி என்று நான் லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்த திங்கள். பூங்காவுக்குத் திங்கட்கிழமை லீவு கிடையாது, காசும் கிடையாது. மூங்கில் புதருக்குப் பக்கத்தில் துண்டை விரித்து எலுமிச்சம் சாதம் சாப்பிடுவோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் நீ கேட்டுக்கு இழுப்பாய். ஒவ்வொரு தடவையும் யானை கொஞ்சம் வளரும். அது நம்ம கிருஷ்ணகிரி மலைக் கல்லில் செய்தது என்றார். லாரியில் ஏற்றிக் கொண்டுவரும்போது குருபரப்பள்ளிப் பக்கம் டிரைவர் டீ குடிக்க நிறுத்தியதில் ஒரு தந்தம் உடைந்துவிட்டது என்றார். எந்தப் பக்கத்துத் தந்தம் என்று நீ கேட்டாய். யோசிக்காமல் இடது என்றார். அடுத்த மே மாதம் வலது என்று சொல்லிவிட்டார், நீ விடவில்லை, சண்டை போட்டாய். கிருஷ்ணகிரி மலையில் அவர் அதுவரைக்கும் கால் வைத்ததுகூடக் கிடையாது. ஒரு நாள் வேறு கிழமையில் லீவு போட்டுக் கூட்டிப் போயிருக்கலாமே என்று நீ நினைக்கலாம். இருக்கிற லீவெல்லாம் ஊர்க் கல்யாணத்துக்கும் காய்ச்சலுக்கும் போய்விடும். அதோடு, உள்ளே போகவில்லையே என்ற குறை எங்களுக்குச் சீக்கிரமே போய்விட்டது.

நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப் போனார்கள், அதே மியூசியத்துக்கு. கிழமை திங்கள் இல்லை. முந்தின நாளெல்லாம் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று என்னிடம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். நீ திரும்பி வந்து ஷூவைக் கழற்றினாய். அப்பா பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். நீயாகவே அவர் பக்கத்தில் போய், "அப்பா, யானை இருந்துச்சுப்பா. தந்தம் இடதுதான்" என்றாய். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அன்று படுக்கப் போகும்போது என்னிடம், "நான் சும்மாதானே சொன்னேன், எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும், இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். மறுநாள் காலை டீ நேரத்தில் பிரஸ் ஷாப் முழுக்கச் சொல்லியிருக்கிறார், தான் பார்க்காமலேயே சொன்னது அப்படியே இருந்தது என்று.

எனக்கு விஷயம் அந்த வாரமே தெரிந்துவிட்டது. லைனில் எனக்கு அடுத்த சீட் மஞ்சுளாக்கா, அவர் பிள்ளையும் உன் வகுப்புத்தான், அந்தப் பிள்ளை வீட்டில் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். பஸ்ஸில் போகும்போதே நீ வகுப்பு முழுக்க யானையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய். உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் தேடியிருக்கிறாய். வாத்தியார் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டிருக்கிறாய். இல்லை என்றதும் பஸ் முழுக்கச் சிரிப்பாம். அதிலிருந்து உனக்குப் பெயரே யானை. குச்சி மாதிரி இருக்கிற பிள்ளையை ஏன் எல்லோரும் யானை யானை என்கிறார்கள் என்று நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி உன்னைக் கேட்டேன். "நான் நெறைய சாப்பிடறேன்னு கூப்பிட்றாங்கம்மா" என்றாய். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உன்னை அன்றைக்கே கட்டிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது, திரும்பிவிட்டேன். உன்னைப் பெற்றதற்காக நான் பெருமைப்பட்ட நாள் எது என்று யாராவது கேட்டால், நீ விமானம் ஏறிய நாளைச் சொல்ல மாட்டேன். இதைத்தான் சொல்வேன்.

உனக்குத் தெரியாத பாதி இனிமேல்தான் இருக்கிறது. அப்பா ரிட்டயர் ஆனதும் முதல் காரியமாக, "வா, யானையப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். அத்தனை வருஷம் கம்பி வழியாகப் பார்த்த படியில் முதல் தடவையாகக் கால் வைத்து ஏறினோம். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், வெயில் என்றேன், முட்டி வலி என்றேன், கேட்கவில்லை. கீழே பார்த்தார், மாடியில் பார்த்தார், மறுபடியும் கீழே வந்தார். நடுகல் முன்னால், பழைய காசுகள் முன்னால், யாரோ ராஜாவின் கத்தி முன்னால் எல்லாம் நின்றார், எதையும் பார்க்கவில்லை. கடைசியில் அங்கே நின்ற காவலாளியிடம் தன் கம்பெனிக் கன்னடத்தில், "ஆனே எல்லிதே சார்?" என்று யானை எங்கே இருக்கிறது எனக் கேட்டார். அந்த ஆள், "யாவ ஆனே?" என்றார். எந்த யானை என்று கேட்டால் இவர் என்ன சொல்வார். கல் யானை என்று கையை உயரத் தூக்கிக் காட்டினார். அந்த ஆள் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்கே அப்படி எதுவும் எப்போதும் இருந்ததில்லை என்று நல்லவிதமாகவே சொன்னார்.

வெளியே வந்து பழைய மூங்கில் பக்கம் உட்கார்ந்தோம். நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். அப்புறம் சொன்னார், "நமக்காகச் சொல்லிருக்கான் பய. அந்த வயசுலயே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முன்னமே தெரியும் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. உன்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். தெரிந்தால் நீ சங்கடப்படுவாயாம். இப்படி அப்பனும் மகனும் மாற்றி மாற்றி ஒருத்தர் மனசு நோகாமல் ஒருத்தர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு கிடக்கிறேன். இன்றைக்கு அந்த வாக்கை உடைத்தாயிற்று. திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதற்கு வருகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் வீடு திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் மியூசியம் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கால் விட்டுப்போச்சு என்றேன். தரையெல்லாம் வழுக்குகிறது, உட்கார இடமில்லை, ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம் தள்ளிவிட்டது, தண்ணீர் பிடிக்குமிடம் எங்கேயோ மூலையில் இருக்கிறது என்றேன். உள்ளே போய் வந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். வெளியே நிற்கிறவர்கள்தான் எவ்வளவு உயரம், எந்த மலைக் கல், எந்தத் தந்தம் உடைந்தது என்றெல்லாம் அழகாகச் சொல்வார்கள். இத்தனை ஞாயிறுகளில் நீ ஒரு தடவைகூடக் கால் வலித்தது என்று சொல்லவில்லை. திமிங்கலம் எத்தனை அடி நீளம் என்று சொன்னாய், அதன் கீழே நின்றபோது உன் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று சொல்லவில்லை. எங்கே உட்கார்ந்து என்ன சாப்பிட்டாய் என்று சொல்லவில்லை. உன் குரல் அப்படியே கேட்டில் நின்று பேசிய உன் அப்பா குரல்தான். அவர் என் பிள்ளை அழக் கூடாது என்று சொன்னார், நீ நாங்கள் அழக் கூடாது என்று சொல்கிறாய்.

நான் நினைப்பது தப்பாக இருந்தால் ரொம்ப சந்தோஷம். கிழவிக்கு வேலை இல்லை என்று சிரித்துவிட்டுப் போ. தப்பில்லை என்றால் இதைக் கேட்டுக்கொள். திரும்பி வந்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நீ பயப்படலாம். எந்த நாலு பேர் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நம் தெருவில் மேல் வீட்டுக்காரர்கள் ஒடிசா, எதிர் வீடு திருச்சி, முனை வீடு சித்தூர். எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள்தான். உன் அப்பா மூட்டையோடு இந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கியபோது ஏன் வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, உன்னை மட்டும் கேட்டுவிடப் போகிறார்களா. இல்லை, அங்கேயே இருந்து பார்க்கிறேன் என்றால் அதுவும் சரிதான். இருக்கிறவனுக்கு இரண்டு பேர் துணைக்கு வருகிறோம், அறை சின்னதாக இருந்தால் ஒண்டிக்கொள்கிறோம். நாங்கள் ஒற்றை அறையில் உன்னை வளர்த்தவர்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே எனக்குத் தெரிய வேண்டும். நீ நன்றாக இருப்பதாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல் யானைதான் ஞாபகம் வருகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், இது அம்மாவின் புத்திமதி என்றே வைத்துக்கொள். இனாமாகத் திறந்து வைத்திருக்கிற ஊரில் இருக்கிறாய், ஒருநாள் நிஜமாகவே போ. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடாதே. ஏதாவது ஒன்றுக்கு முன்னால் நில், கால் வலித்தால் உட்கார், பசித்தால் வெளியே வந்து சாப்பிடு, மறுநாள் மறுபடி போ. காசு வாங்காத இடத்தில் அந்த வசதி உண்டு, பாதியில் எழுந்து வந்தாலும் மனசு அடித்துக்கொள்ளாது. பூங்காவில் பெஞ்சு இருந்தால் பக்கத்தில் உட்காருகிறவரிடம் ஒரு வார்த்தை பேசு. உன் அப்பா அந்த மியூசியம் வாட்ச்மேனிடம் பேசிப் பேசித்தான் பாதிக் கன்னடம் கற்றுக்கொண்டார். அறையிலேயே கிடந்து போனில் படம் பார்த்து எங்களுக்கு ஒப்பிக்காதே, கண்ணு. அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் இப்போதும் பெங்களூருக்குப் போகிறோம், தெரியுமா? ரிட்டயர் ஆனவர்களுக்கு எல்லா நாளும் ஒன்றுதான், செவ்வாய் போகலாம், வெள்ளி போகலாம். ஆனால் திங்கட்கிழமைதான் போகிறோம். பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வருகிறோம். வருகிற திங்கட்கிழமையும் போவோம். மத்தியானம் மூன்று மணிக்கு அந்தக் கேட்டுக்கு எதிரே இருப்போம், உனக்கு அது காலை நேரம். வேலைக்கு லீவு போடு. வேலையே இல்லையென்றால் இன்னும் நல்லது, லீவு கேட்க வேண்டாம். நீ சொன்ன மியூசியத்தில் ஏதாவது ஒன்றின் வாசலுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்துகொள். அன்றைக்கு மட்டும் உள்ளே போக வேண்டாம். அங்கிருந்து வீடியோவில் வா. முகம் எப்படி இருந்தாலும் வா. சவரம் செய்யாமல் இருந்தாலும், இளைத்திருந்தாலும், அழுதாலும் பரவாயில்லை.

அப்பாவிடம் வேறு எதுவும் சொல்ல வேண்டாம். "யானை இல்லப்பா" என்று மட்டும் சொல். அவருக்குப் புரியும். அதற்கப்புறம் நீ வருவதா, நாங்கள் வருவதா என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். நீ அந்தக் கேட்டுக்கு வெளியே, நாங்கள் இந்தக் கேட்டுக்கு வெளியே. நமக்கு அது புதுசா என்ன.

அம்மா